உப்புத் தண்ணீர் குடித்த இன்ஜின்

ஜூன் மாதம் வரும் நடுக்கோடைத் திருநாளுக்குப் படகை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன் என்று கடையில் சொல்லித் தொலைத்துவிட்டேன். சொன்னது ஏப்ரலில். அப்போதுதான் படகை வாங்கியிருந்தேன். அது கரையில் முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. அதன் இன்ஜின் கடைசியாக எப்போது ஓடியது என்று விற்றவருக்கே நினைவில்லை.

ஆனால் அனெலி கேட்ட விதம் அப்படி. அவளும் நானும் ஊத்தேவல்லா என்ற கடலோர நகரத்தில் ஒரே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறோம். அவள் முன்னால் நின்று வாடிக்கையாளர்களைப் பார்க்கிறாள், நான் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். திருநாளுக்கு என்ன செய்யப் போகிறாய் மைக்கென் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். பதில் வருவதற்குள், வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு, ஒரு நாற்காலி கூடப் போட்டால் ஆயிற்று என்றாள். நல்ல பெண்தான். ஆனால் அந்தக் கூடுதல் நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. படகில் போகிறேன், வெளித்தீவுகள் பக்கம், தனியாக என்றேன். "அடேயப்பா, தைரியம்தான் உனக்கு," என்றாள். அவள் தலை நேராக நிமிர்ந்துவிட்டது.

அந்தத் தலை நிமிர்ந்ததற்காகத்தான் இவ்வளவும். கிறிஸ்துமஸுக்கு ஒருத்தி தனியாக இருந்தால் ஊர் மன்னித்துவிடும். இருட்டு, குளிர், யாருக்கும் வெளியே வரப் பிடிக்காது. நடுக்கோடை அப்படியல்ல. சூரியனே படுக்கப் போக மறுக்கும் நாளில் எல்லோரும் யாரோடாவது இருந்தாக வேண்டும். போன வருடம் நான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம் காதில் விழாதபடி வானொலியை வைத்துக்கொண்டு, ஊறவைத்த ஹெர்ரிங் மீனைப் புட்டியிலிருந்தே முள்கரண்டியால் குத்தித் தின்றேன். தட்டுகூட எடுக்கவில்லை. எனக்கு ஒரு கணவர் இருந்தார், இப்போது அவர் வேறொருத்திக்குக் கணவர், அந்தக் கதை அவ்வளவுதான். ஆனால் அந்த மீன்புட்டி எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வீட்டில் தனியாக இருப்பவள் பாவம். படகில் தனியாக இருப்பவள் துணிச்சல்காரி. இரண்டும் ஒரே தனிமைதான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் துணிச்சல்காரியாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று தோன்றியது.

பாய் விரிப்பதை ஏரியில் மாலை வகுப்புக்குப் போய்க் கற்றிருந்தேன். ஆனால் எங்கள் துறைமுகத்திலிருந்து பாய் விரித்து யாராலும் வெளியேற முடியாது. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து, கோடை முழுவதும் மேல்காற்று நேராக அதற்குள் நுழைந்து முகத்தில் அடிக்கும். இன்ஜின் ஓடினால் கடல். ஓடாவிட்டால் துறைமுகத்துக்குள்ளேயே கட்டிக் கிடந்து காப்பி குடிக்கலாம். மால்வா என்ற என் படகின் இன்ஜின் பச்சை நிறம், ஒற்றை சிலிண்டர் டீசல், இறங்கும் படிக்கட்டுக்கு அடியில் கன்றுக்குட்டி படுத்திருப்பது போலப் படுத்திருந்தது. படியைக் கழற்றி ஓரமாக வைத்தால்தான் அதன் முகத்தைப் பார்க்க முடியும்.

வசந்தம் முழுவதும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீசல் தொட்டியிலிருந்து கறுப்புக் கூழை வாரி எடுத்தேன். கடல்நீரை உறிஞ்சும் பம்புக்குள் ரப்பர் சக்கரம் நொறுங்கிக் கிடந்தது, புதிதாக மாட்டினேன். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிப் பட்டறைக்குக் கொடுத்தனுப்பி வாங்கினேன். வடிகட்டி மாற்றினேன், ஆயில் மாற்றினேன், டீசல் குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தேன். எல்லாம் வீடியோ பார்த்துத்தான். லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கை நடுங்காது, பொறுமையும் உண்டு. இன்ஜின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மே மாதம் கிரேன் வந்து படகுகளைத் தண்ணீரில் இறக்கிய நாளில், மற்றவர்கள் டுக்டுக்கென்று தங்கள் இடத்துக்குப் போனார்கள். என்னைப் படகுச் சங்கத்தின் வேலைப்படகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மிதவைத் துறையின் கடைசி மூலையில் விட்டது. அதை இன்ஜின் இல்லாதவர்களின் மூலை என்பார்கள். நான் சிரித்த முகத்தோடு, பேட்டரி மட்டும்தான் பாக்கி என்று எல்லோரிடமும் சொன்னேன்.

எங்கள் துறையில் ஒரு மரியாதை உண்டு. அழைக்காமல் யாரும் யார் படகிலும் கால் வைக்க மாட்டார்கள். படகின் பக்கச்சுவரில் விரல் முட்டியால் தட்டுவார்கள். உள்ளேயிருந்து குரல் வந்தால் பேசுவார்கள், வராவிட்டால் போய்விடுவார்கள். இரண்டாம் முறை தட்டுவது அநாகரிகம். உள்ளே ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் செருப்பைக் கழற்றித் துறைப் பலகையில் விட்டுவிட்டுத்தான் ஏறுவோம். செருப்பு வெளியே கிடக்கிறது, தட்டினால் பதில் இல்லை என்றால், தனியாக விடு என்று அர்த்தம். விட்டுவிடுவார்கள்.

என் படகில் மே மாதம் முழுவதும் தட்டினார்கள். யோசனை சொல்ல, ஸ்பானர் கொடுக்க, வேடிக்கை பார்க்க, எதற்கோ. இன்ஜின் குடலை வெளியே தள்ளிக் கிடக்கும்போது, கையில் எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நிற்கும்போது, ஒரு மனிதர் எட்டிப் பார்த்து 'ஓகோ' என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது. ஸ்பானரை நெஞ்சில் அணைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துப் படுத்துக் கிடப்பேன். காலடிச் சத்தம் தேய்ந்ததும் எழுந்திருப்பேன். ஜூன் பிறந்ததும் தட்டுவது நின்றுவிட்டது. நான் கேட்டது கிடைத்தது. கிடைத்த பிறகுதான் அது எவ்வளவு மோசமான பொருள் என்று தெரிந்தது. சில நாள் மாலையில், யாராவது தட்ட மாட்டார்களா என்று சும்மாவே படுத்துக் கிடந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் அதே மூலையில் வீபா என்ற படகு கட்டியிருந்தது. துறையில் நாங்கள் ஒருவரையொருவர் படகின் பெயரால்தான் அறிவோம். நான் மால்வா, அவர் வீபா. அவருடைய பின்னந்தலையை இரண்டொரு தடவை பார்த்திருக்கிறேன், நரைத்த தலை. மற்றபடி அவரென்றால் எனக்குத் துறைப் பலகையில் கிடக்கும் ஒரு ஜோடி பெரிய மரச்செருப்புதான். பாய்க்கு உறை போட்டு ஒழுங்காகக் கட்டியிருப்பார், கயிறுகளைச் சுருட்டி வைத்திருப்பார். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே பாசி தாடியாகத் தொங்கும். அந்தப் படகு எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை. அங்கேயும் யாரும் தட்டுவதில்லை.

திருநாளுக்கு முந்தின நாளே துறை காலியாகத் தொடங்கிவிட்டது. திருநாளன்று காலையில் நான் ஒரு பையில் புது உருளைக்கிழங்கு, சதகுப்பைக் கீரை, மீன்புட்டி, ஸ்ட்ராபெரி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது கடைசிக் குடும்பம் புறப்பட்டுக்கொண்டிருந்தது. திருநாளுக்காகப் படகின் கம்பிகளில் பிர்ச் மரக் கிளைகளைக் கட்டியிருந்தார்கள். நாய்க்குக்கூட மிதவைச் சட்டை. அந்த அம்மாள் என்னைப் பார்த்து நல்ல நடுக்கோடை என்று கையசைத்தாள். நானும் இதோ பின்னாலேயே வருகிறேன் என்பது போலக் கையசைத்தேன். அவர்கள் பாறைகளைத் தாண்டி மறைந்ததும் துறையில் கடல்காக்கைகளும் நானும் அந்த மரச்செருப்பும்தான் மிச்சம்.

இன்று ஓடியே ஆக வேண்டும். திங்கட்கிழமை அனெலி கேட்பாள். கேட்டால் பொய் சொல்லிவிடலாம். ஆனால் பொய் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போய் மெஷினுக்கு முன்னால் உட்காரும் என்னை நினைத்துப் பார்த்தேன். பொய் சொன்ன அந்த மைக்கெனோடு இன்னொரு குளிர்காலம் இருக்க என்னால் ஆகாது.

கடல்நீர் வால்வைத் திறந்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் குமிழை நன்றாக வெளியே இழுத்தேன். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். இன்ஜின் சுற்றியது, உறுமியது, பிடிக்கவில்லை. பேட்டரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி. மறுபடியும். ஏர் எடுத்துவிட்டு மறுபடி.

நடுவில் சுவரில் யாரோ தட்டினார்கள். ஒரே தடவை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லோரும் போன பிறகு யார்? சங்கத்து ஆளாக இருக்கும், திருநாளன்று ஒருத்தி தனியாகக் கிடந்து மல்லாடுகிறாளே என்று பரிதாபப்பட வந்திருப்பார் என்று நினைத்தேன். கையை ஸ்டார்ட்டரிலிருந்து எடுத்துவிட்டு அப்படியே குந்தி உட்கார்ந்தேன். காலடி போனது. இன்னும் கொஞ்சம் பொறுத்துவிட்டு, அந்தக் கோபத்தையும் சேர்த்து ஸ்டார்ட்டரை அழுத்தினேன். நெடுநேரம் விடவில்லை.

டொக்கென்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினால் அதே டொக். ஹேண்டிலைப் போட்டுக் கையால் சுற்றப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். அதில் கறுப்பாக ஒட்டியிருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் ஒட்டியிருந்தது.

போனை எடுத்துத் தேடினேன். ஒரு நொடியில் புரிந்துவிட்டது, புரியாமலே இருந்திருக்கலாம். இன்ஜின் பிடிக்காமல் சுற்றச் சுற்ற, பம்பு கடல்நீரை உறிஞ்சி சைலன்சருக்குள் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஊதித் தள்ளப் புகை இல்லாததால் அது நிரம்பி, வழிந்து, பின்வாசல் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி ஆயிலிலும் கலந்துவிட்டது. நானே என் கையால் ஊற்றியிருக்கிறேன். உப்புத் தண்ணீரை இன்றே வெளியேற்றி இன்றே இன்ஜினை ஓடவிடாவிட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிடும், அப்புறம் இரும்புக் கடைதான் என்று எழுதியிருந்தது. எப்படி வெளியேற்றுவது என்று ஆளுக்கொன்றாக அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டறைக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை திறப்போம், எல்லோருக்கும் நல்ல நடுக்கோடை என்று ஒரு பதிவுக்குரல் வாழ்த்தியது.

படகுக்குள் உட்கார்ந்து அழுதேன். உரக்கவே அழுதேன், யார் இருக்கிறார்கள் கேட்க. அப்புறம்தான் மரச்செருப்பு நினைவுக்கு வந்தது.

வெறுங்காலோடு இறங்கிப் போய் வீபாவின் சுவரில் தட்டினேன். பதில் இல்லை. செருப்பு கிடக்கிறது. உள்ளே பலகை ஒன்று லேசாக முனகியது, பிறகு அதுவும் நின்றது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. உள்ளே என்ன நடக்கிறது என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருப்பார் என்பதுகூட எனக்குத் தெரியும்.

இரண்டாம் முறை தட்டினேன். என் வாழ்நாளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"வீபா," என்றேன். "உள்ள இருக்கீங்கன்னு தெரியும். நீங்க வெளிய வர வேணாம். நானும் இப்படித்தான் படுத்துக் கிடப்பேன். என் இன்ஜினுக்குள்ள கடல் தண்ணி போயிடுச்சு. என்ன பண்ணணும்னு மட்டும் அங்கேருந்தே சொல்லுங்க."

தண்ணீர் படகுகளுக்கு நடுவே சளப் சளப் என்றது. போய்விடலாம் என்று திரும்பியபோது, சுவருக்கு அந்தப் பக்கம், என் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வெகுநாள் பேசாத குரல், முதல் சொல்லை இருமிக்கொண்டு எடுத்தது.

"போயி எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரத்துக்குள்ளதான்."

"அப்ப இன்னும் சாகல. கடல் வால்வை மூடுனீங்களா?"

மூடவில்லை. ஓடிப்போய் மூடிவிட்டு வந்தேன். அன்று பகல் முழுவதும் அப்படியே கழிந்தது. நான் துறைப் பலகையில் மண்டியிட்டு அந்த வெள்ளைச் சுவரிடம் கேட்பேன், சுவர் சொல்லும், நான் ஓடிப்போய்ச் செய்துவிட்டு வந்து ஒப்பிப்பேன். முதலில் சைலன்சரின் அடித் திருகைக் கழற்றித் தண்ணீரை வடித்தேன். நாசிலைக் கழற்றச் சொன்னது சுவர். கழற்றிவிட்டு ஹேண்டிலைச் சுற்றியபோது சிலிண்டரிலிருந்து உப்புத் தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. அதைச் சொன்னேன். நல்லது, வாயை மூடிக்கிட்டு சுத்துங்க என்றது சுவர். சிலிண்டருக்குள் கொஞ்சம் டீசல் ஊற்றி மறுபடி சுற்றினேன், வெள்ளையாக வந்தது தெளிவாக வரும்வரை. பிறகு கெட்டுப்போன ஆயிலைக் குச்சி போகும் ஓட்டை வழியே உறிஞ்சி எடுத்தேன். புது ஆயில் ஊற்றினேன், சுற்றினேன், அதுவும் காப்பி நிறமாகிவிட்டது. இன்னொரு தடவை மாற்ற வேண்டும். என்னிடம் ஆயில் தீர்ந்துவிட்டது. திருநாளன்று எந்தக் கடையும் இல்லை.

சுவரிடம் அதையும் ஒப்பித்தேன். பிறகு மேலே மூடிப்பலகை ஒரு சாண் நகர்ந்து ஒரு கை வெளியே வந்தது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டைக் கை. இரண்டு ஆயில் டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டது. டப்பாக்கள் திறக்கப்படவில்லை, அட்டை வெயிலில் வெளுத்திருந்தது.

நீங்கள் மெக்கானிக்கா என்று கேட்டேன். இல்லை, பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர், இப்போது ஓய்வு. பிறகு எப்படி இதெல்லாம் வரிசை தப்பாமல் தெரியும் என்றேன்.

"எனக்கும் இதேதான் ஆச்சு," என்றார். "நாலு கோடைக்கு முன்னாடி. அன்னிக்குத் துறை நிறைய ஆள் இருந்தாங்க. யார்கிட்டயும் கேக்கல. மூடியைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். என்ன பண்ணியிருக்கணும்னு அப்புறமாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆயில் எல்லாம் வாங்கிக்கிட்டு வந்தேன். ஹேண்டில் சுத்த வரல."

ஏன் கேட்கவில்லை என்ற முட்டாள் கேள்வியைத்தான் கேட்டேன்.

"நீங்க காலைல ஏன் பதில் சொல்லல?" என்றார். "நீங்க விடாம ஸ்டார்ட்டர் போடுறது இங்க கேட்டுச்சு. வால்வை மூடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

காலையில் தட்டியவர் அவர்தான். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வந்திருக்கிறார். நான் குந்தி உட்கார்ந்து அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவரும் மரியாதைக்காரர், போய்விட்டார். உள்ளே போய் உட்கார்ந்து, நான் என் இன்ஜினை மூழ்கடிக்கும் சத்தத்தைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் வந்தது, இரண்டாம் முறை தட்டக் கூடாது என்று வைத்திருக்கிற இந்தக் கரை முழுவதன் மேலும் வந்தது.

"இன்னொரு தடவ தட்டியிருக்கலாம்ல," என்றேன்.

"யாரு தட்டுவா," என்றார். நியாயம்தான்.

ஆயிலை மாற்றினேன். இந்த முறை குச்சியில் தேன் நிறம் வந்தது. நாசிலை மாட்டி ஏர் எடுத்தேன். சொன்னதெல்லாம் முடிந்தது, ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏன் பிடிக்கவில்லை என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. அவர் கேள்விமேல் கேள்வி கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். கடைசியில் நிறுத்துகிற குமிழ் எப்படி இருக்கிறது என்றார். எந்தக் குமிழ் என்றேன். படிக்கட்டுப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று இருக்குமே என்றார்.

"அதா. அத நல்லா வெளிய இழுத்துத்தான் வெச்சிருக்கேன். குளிர்ல ஸ்டார்ட் ஆகணும்னா இழுக்கணும்ல. எங்கப்பா காருல அப்படித்தான்."

பிறகு உள்ளேயிருந்து ஒரு விதமான சத்தம் வந்தது. மூச்சுத் திணறுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த சிரிப்பு, விட்டு விட்டு வந்தது.

"அது டீசலை நிறுத்துற குமிழ்ங்க," என்றார். "கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே பாடச் சொல்லியிருக்கீங்க."

வசந்தம் முழுவதும். தொட்டி கழுவியது, நாசில், வடிகட்டி, முழங்கால் வலி, எல்லாம். பலகைமேல் உட்கார்ந்து நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மனிதரோடு சேர்ந்து சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியது. சிரிப்பு அங்கேயே அறுந்தது.

குமிழை உள்ளே தள்ளினேன். பேட்டரி செத்துப்போயிருந்ததால் ஹேண்டில்தான். சிலிண்டரின் அழுத்தத்தைத் தளர்த்தும் லிவரைத் தூக்கி விட்டுச் சுற்றச் சொன்னார். தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. வேகம் ஏறியதும் லிவரைக் கீழே தள்ளினேன். டுக் என்றது. நின்றது. மறுபடி சுற்றினேன். டுக். டுக். பிறகு யோசித்துவிட்டு இன்னொரு டுக். பிறகு டுக்டுக்டுக்கென்று படகு முழுவதும் அதிர, அலமாரிக் கண்ணாடிக் குவளைகள் எல்லாம் சேர்ந்து ஆட, அது ஓடியது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை துறை முழுவதும் பரவியது.

"வால்வு," என்று வீபாவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "வால்வைத் திறங்க."

திறந்தேன். புகையோடு தண்ணீரும் துப்பத் தொடங்கியது. நான் படிக்கட்டு இருந்த இடத்தில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் அந்தப் பச்சை மூடிமேல் வைத்து, அது சூடாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷத்தை என்னால் தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

சும்மா நின்று ஓடினால் போதாது என்றார் அவர். படகைத் தள்ளிக்கொண்டு ஓடினால்தான் நன்றாகச் சூடேறி உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் காயும். ஆகவே போய்விட்டு வாருங்கள், வெளித்தீவு வரைக்கும் தாராளமாகப் போகலாம், நாளை ஒரு தடவை ஆயிலை மாற்றிவிடுங்கள் என்றார். எல்லாம் சுவர் வழியாகத்தான். மாலையாகியிருந்தது, வெயில் இன்னும் உச்சிப் பகல் போல அடித்தது. நான் நினைத்தபடியே எல்லாம் நடந்திருந்தது. படகு, ஓடும் இன்ஜின், பையில் உருளைக்கிழங்கு, எதிரே சந்து. திங்கட்கிழமை அனெலியிடம் சொல்ல உண்மையே கையில் இருந்தது. தனியாகப் போகலாம்.

முன்கயிற்றை நானே அவிழ்த்தேன். பின்கயிறுதான் தகராறு. காற்று படகைத் துறையோடு அழுத்திக்கொண்டிருந்தது. ஒரு கை இன்ஜின் லிவரில், ஒரு கை சுக்கானில் என்றால், கயிற்றை அவிழ்க்க மூன்றாவது கை வேண்டும். என்ன செய்வது என்று திரும்பிப் பார்த்தேன்.

மரச்செருப்புக்குள் கால்கள் இருந்தன. உயரமான மனிதர், ஒல்லி, சட்டை முழங்கையில் ஒட்டுப்போட்டிருந்தது. வெளிச்சம் கூசியதால் கண்ணைச் சுருக்கியிருந்தார். என்னைப் பார்க்காமல் குனிந்து தூணிலிருந்து என் கயிற்றைக் கழற்றினார். கழற்றியதும் என் பக்கம் வீச வேண்டியதுதான். அவர் வீசவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார். மெல்ல நகரத் தொடங்கிய என் படகோடு இரண்டு அடி நடந்து வந்தார்.

"நல்ல நடுக்கோடை," என்றார். அப்போதும் விடவில்லை.

நான் லிவரைத் தளர்த்தினேன்.

"அத உங்க படகு முன்னால கட்டுங்க," என்றேன்.

அவர் கயிற்றைப் பார்த்தார். தன் படகைப் பார்த்தார். "அடியில நாலு வருஷப் பாசி இருக்கு," என்றார். "உங்களுது ஒத்தை சிலிண்டர். இதையும் இழுத்துக்கிட்டுப் போனா நடக்குற வேகம்கூட வராது."

"எனக்காக யாரும் எங்கயும் காத்துக்கிட்டு இல்ல," என்றேன். "உங்களுக்கு?"

வீபாவின் முன்பக்கம் மண்டியிட்டு முடிச்சுப் போட ஆரம்பித்தார். முதல் முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, நான் காத்திருந்தேன்.